பெக் பூசியும் புரதம் ஏன் ஒட்டுகிறது? தங்க நனோ துணிக்கையில் பொலிமர் பூச்சு செய்கிற வேலை

கிளிநொச்சி அறிவியல் நகரில் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவரின் குருதியில் இருப்பது நாகத்தின் விஷமா, புடையனின் விஷமா என்று காட்டுகிற ஒரு சோதனைப் பட்டி செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முதற்படியாக, சித்திரேற்று முறையில் 20 நனோமீற்றர் தங்கத் துணிக்கைகளைச் செய்திருக்கிறார். நுனியில் தயோல் (தங்கத்தைப் பிடிக்கும் கந்தகக் கூட்டம்) உள்ள, 5000 மூலக்கூற்றுத் திணிவுடைய பொலிஎதிலீன் கிளைக்கோலை, அதாவது பெக்கை, ஒரு மணித்தியாலம் கலந்து வைத்துப் பூசியிருக்கிறார். பிறகு மாட்டு அல்புமினை விட்டுப் பார்த்திருக்கிறார். அவருடைய கேள்வி இதுதான்:

"பெக் பூசினால் புரதம் ஒட்டாது என்றுதான் வாசித்தேன். ஆனால் அல்புமின் விட்டதும் உறிஞ்சல் உச்சம் (துணிக்கைகள் ஒளியை அதிகம் உறிஞ்சும் அலைநீளம்) 524 இலிருந்து 526 நனோமீற்றருக்கு நகர்ந்துவிட்டது. பூச்சு பிழைத்துவிட்டதா? பீ.வி.பீ. (பொலிவைனைல் பைரோலிடோன்) அல்லது கைற்றோசான் என்ற வேறு பொலிமருக்கு மாறட்டுமா? பூச்சு இல்லாத இன்னொரு மாதிரியைக் கிணற்றுத் தண்ணீரில் ஐதாக்கினேன். அது ஊதாவாகி நீலமாகிவிட்டது. இதுவும் புரதத்தின் வேலையா?"

தம்பி, பொலிமரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பெக் சரியான தெரிவுதான். அது தங்கத்தின் மேல் போதிய நெருக்கமாக இருக்கவில்லை என்பதையே உங்கள் 2 நனோமீற்றர் சொல்கிறது. பொலிமர் பூச்சு புரதத்தை முற்றாக நிறுத்திவிடும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள். எவ்வளவு புரதம் ஒட்டுகிறது, எந்தப் புரதம் ஒட்டுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற மூன்றையும் பூச்சு மாற்றும். அந்த மாற்றத்தைத் தீர்மானிப்பதில் பொலிமரின் பெயரை விட, ஒரு சதுர நனோமீற்றரில் எத்தனை சங்கிலி நிற்கிறது என்பதே பெரிய விஷயம்.

முதலில் கிணற்றுத் தண்ணீரை முடித்துவிடுவோம். அது புரதத்தால் வந்ததில்லை. சித்திரேற்றுத் தங்கம் கரைசலில் பிரிந்து நிற்பதற்கு ஒரே காரணம் அதன் மேலுள்ள மறையேற்றம். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்மையானது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தக் கல்சியமும் மக்னீசியமும்தான். சில மில்லிமூலர் கல்சியமே இந்தத் தள்ளுவிசையை மறைத்துவிடப் போதும். துணிக்கைகள் கிட்ட வந்து கூடிவிடும், சிவப்பு ஊதாவாகி நீலமாகும். உடலின் உப்புச்செறிவுள்ள பொசுபேற்றுத் தாங்கற்கரைசலை நேரே விட்டாலும் இதேதான் நடக்கும். பூச்சு இல்லாத தங்கத்தை ஐதாக்கக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. கண்ணாடிப் பாத்திரங்களை இராசதிராவகத்தால் கழுவிய பிறகும் கடைசி அலசல் அந்த நீரிலேயே இருக்க வேண்டும்.

சரி, இப்போது புரதம்.

வெறும் தங்கத்துக்குப் புரதம் என்றால் அவ்வளவு விருப்பம். குருதித் திரவவிழையத்தில் ஒரு லீற்றருக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. அதில் அல்புமின் மட்டும் 35 முதல் 50 கிராம். துணிக்கை அதற்குள் விழுந்ததும் கண் இமைக்கும் நேரத்தில் அதன் மேல் ஒரு புரத உறை வந்துவிடும். இதற்குப் பல காரணங்கள் ஒன்றாக வேலை செய்கின்றன. புரதத்தின் நேரேற்றப் பகுதிகளை மறையேற்ற மேற்பரப்பு இழுக்கும். நீரை வெறுக்கும் பகுதிகள் மேற்பரப்பில் படியும்போது அங்கே ஒழுங்காகப் பிணைந்து நின்ற நீர் மூலக்கூறுகளும் அயன்களும் விடுபடும், எந்திரப்பி (ஒழுங்கின்மை) கூடும். உயர்தரத்தில் படித்த அதே கணக்குத்தான். வெப்பம் பெரிதாக வெளிவராவிட்டாலும் ஒட்டுவது தானாக நடப்பதற்கு இதுவே காரணம். இதைவிடத் தங்கத்துக்கென்று தனியாக ஒரு காரணமும் உண்டு. அல்புமினில் 35 சிஸ்டெயின்கள் இருக்கின்றன. 34 சிஸ்டெயின்கள் சோடி சேர்ந்துவிடும், 34ஆம் இடத்தில் உள்ள ஒன்று மட்டும் தனியே நிற்கும். அதன் கந்தகம் தங்கத்தைப் பிடித்தால் இலகுவில் விடாது.

ஒட்டியது அப்படியே இருந்துவிடும் என்றும் இல்லை. 1960களில் லியோ விரோமன் கண்டது இது. முதலில் வந்து உட்காருவது எண்ணிக்கையில் கூடிய, விரைவாக ஓடித்திரியும் புரதங்கள். பிறகு, குறைந்த அளவில் இருந்தாலும் அந்த மேற்பரப்பில் நாட்டம் கூடியவை வந்து அவற்றை எழுப்பிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2007இல் டப்ளினிலும் லுண்டிலும் இருந்த ஆய்வாளர்கள் நனோ துணிக்கைகளைச் சுற்றி வரும் இந்த உறைக்குப் புரத மகுடம் என்று பெயர் வைத்தார்கள். கழுவினாலும் போகாத உள்ளடுக்கை வன்மகுடம் என்றும், கழுவப் போய்விடும் வெளியடுக்கை மென்மகுடம் என்றும் பிரித்துப் பேசுகிறோம். ஒரு கலமோ ஒரு பிறபொருளெதிரியோ துணிக்கையைச் சந்திக்கும்போது அது தொடுவது தங்கத்தையல்ல, இந்த மகுடத்தைத்தான். ஆகவே பொலிமர் பூசுவது என்பது அந்த மகுடத்தை நாம் முடிவு செய்ய எடுக்கிற முயற்சி.

இப்போது பெக். பெக் சங்கிலி ஏற்றமில்லாதது, ஆனால் நீரை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். புரதம் கிட்ட வந்தால் சங்கிலிகள் நெரிபடும். நெரிபட்டால் அவை அசைந்து திரியும் சுதந்திரம் குறையும், பிடித்திருந்த நீரும் வெளியேற வேண்டிவரும். இரண்டுமே சக்திக் கணக்கில் நட்டம், அதனால் புரதம் திரும்பித் தள்ளப்படும். ஆனால் இந்தத் தள்ளல் வருவதற்குச் சங்கிலிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். காலபோகத்தில் விதைத்த வயலைப் பாருங்கள். நெல் அடர்த்தியாக முளைத்த இடத்தில் கோரை எழும்பாது, ஐதாக முளைத்த இடத்தில்தான் அது தலைகாட்டும். விதை நல்ல இனமா என்பது அதற்குப் பிறகுதான்.

உங்கள் 5000 பெக்குக்கே கணக்குப் போடுவோம். ஓர் அலகின் திணிவு 44, எனவே சங்கிலியில் ஏறக்குறைய 114 அலகுகள். தனியே நிற்கும்போது அது நீரில் சுருண்டு கிடக்கும் பருமன், வழமையான புளோரி கணக்கின்படி, சுமார் 6 நனோமீற்றர். பக்கத்துச் சங்கிலி 6 நனோமீற்றருக்கு அப்பால் இருந்தால் ஒவ்வொன்றும் காளானைப் போலத் தனித்தனியே குவிந்து கிடக்கும், இடையில் தங்கம் வெளியே தெரியும். இடைவெளி 1 நனோமீற்றர் அளவுக்கு இறங்கினால் சங்கிலிகள் வேறு வழியின்றி நிமிர்ந்து தூரிகை ஆகிவிடும். அல்புமினின் நீளம் அகலம் சுமார் 8 நனோமீற்றர், தடிப்பு 3 நனோமீற்றர் என்று வையுங்கள். காளான் நிலையில் அது உள்ளே போக இடம் தாராளம்.

தங்கத் துணிக்கைகளில் இதைப் பெரிய அளவில் அளந்து காட்டியது 2012இல் ரொறன்ரோவில் வொரன் சானின் குழு. வெவ்வேறு பருமனுள்ள தங்கத் துணிக்கைகளில் பெக்கின் அடர்த்தியைப் படிப்படியாகக் கூட்டி, ஒட்டிய புரதங்களைத் திணிவு நிறமாலையால் எண்ணினார்கள். 70க்கும் மேற்பட்ட புரதங்கள் அகப்பட்டன. பெக் நெருங்க நெருங்க ஒட்டிய மொத்த அளவு குறைந்தது. அத்தோடு எந்தப் புரதம் எவ்வளவு என்ற விகிதமும் துணிக்கையின் பருமனோடும் பெக் அடர்த்தியோடும் சேர்ந்து மாறியது. நெருக்கமான பெக்கிலும் அளவு பூச்சியம் ஆகவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். "பெக் இருக்கிறது, எனவே புரதம் இல்லை" என்ற வசனம் அடர்த்தியையும் அளந்த முறையையும் சொல்லாமல் வந்தால் அதற்கு மதிப்பில்லை.

வளைவையும் மறக்கக் கூடாது. தட்டையான தங்கத் தகட்டில் நிற்கும் பெக்கும் 20 நனோமீற்றர் உருண்டையில் நிற்கும் பெக்கும் ஒன்றல்ல. உருண்டையின் ஆரை 10. மேற்பரப்பிலிருந்து 10 நனோமீற்றர் வெளியே போனால் ஆரை 20 ஆகிறது, அங்கே பரப்பு நான்கு மடங்கு. அடியில் சதுர நனோமீற்றருக்கு 1 சங்கிலி நின்றாலும் அந்த உயரத்தில் அது 0.25தான். அடி நெருக்கம், நுனி ஐது. அதனால் பெரிய புரதம் வெளியே நிற்க, சிறிய புரதம் பாதி வழி இறங்கி வந்துவிடும்.

உங்கள் 2 நனோமீற்றருக்கு வருவோம். இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. தங்கத்தின் உறிஞ்சல் உச்சம் நகர்வது, அதன் மேற்பரப்புக்கு மிக அருகில் உள்ள பொருளின் முறிவுச்சுட்டி (அது ஒளியை வளைக்கும் அளவு) மாறுவதால். 20 நனோமீற்றர் உருண்டைக்கு அந்த உணர்திறன் சில நனோமீற்றர் தூரத்துக்குள்ளேயே தேய்ந்துவிடும். தடித்த பெக் தூரிகையின் வெளி விளிம்பில் அல்புமின் ஒட்டி நின்றால் உச்சம் அசையவே மாட்டாது. உங்களுடையது 2 நனோமீற்றர் அசைந்திருக்கிறது. அல்புமின் கரைந்திருப்பதால் கரைசலின் முறிவுச்சுட்டி சற்றுக் கூடும்தான், ஆனால் நீங்கள் விட்ட மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் அதனால் வரும் நகர்வு கண்ணுக்கே தெரியாது. எனவே அல்புமின் பெக்குக்கு ஊடாக இறங்கித் தங்கத்தின் அருகே வந்துவிட்டது என்பதே நேரான விளக்கம். பூச்சில் வெளிகள் இருக்கின்றன.

இதன் மறுபக்கமும் உண்மை. உச்சம் அசையவில்லை என்பது புரதம் ஒட்டவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அதை ஆய்வுக்கட்டுரையில் எழுதினால் பரீட்சகர் பிடித்துவிடுவார்.

ஆனால் முடிவெடுக்க முன் இரண்டைச் சரிபாருங்கள். 524 என்பது எதன் உச்சம்? பெக் பூசிய பிறகு அளந்ததா, பூச முன் சித்திரேற்றுத் தங்கத்தில் அளந்ததா? பெக்கே ஒன்றிரண்டு நனோமீற்றர் நகர்த்தக்கூடியது. ஒப்பீடு பெக் பூசிக் கழுவிய மாதிரியோடுதான் இருக்க வேண்டும். அடுத்தது, நிறமாலையின் 600 முதல் 700 வரையான பகுதியைப் பாருங்கள். அங்கே தோள் போல எழும்பியிருந்தால் அது துணிக்கைகள் கூடியதன் அடையாளம், அப்போது உச்ச நகர்வுக்கு நான் சொன்ன விளக்கம் பொருந்தாது. இரண்டும் சரியாக இருந்தால் மையநீக்கியில் சுற்றி, மேற்கரைசலை எடுத்துவிட்டு, சுத்தமான தாங்கற்கரைசலில் மீண்டும் கலக்கி அளவுங்கள். நகர்வு அப்படியே நின்றால் அது வன்மகுடம்.

சரி, அடர்த்தியை எப்படிக் கூட்டுவது?

முதலில் போதிய பெக் விட்டீர்களா என்று பாருங்கள். 20 நனோமீற்றர் தங்கம், உறிஞ்சல் 1 அளவுக்கு இருந்தால், ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய 7 இலட்சம் மில்லியன் துணிக்கைகள். ஒரு துணிக்கையின் பரப்பு 1257 சதுர நனோமீற்றர். சதுர நனோமீற்றருக்கு ஒரு சங்கிலி வேண்டுமென்றால் மில்லிலீற்றருக்குச் சுமார் 7 மைக்கிரோகிராம் பெக் தேவை. விட்ட சங்கிலி எல்லாம் போய் ஒட்டாது, ஆகவே பத்து மடங்கு, 70 மைக்கிரோகிராம் விடுங்கள். ஒரு மணித்தியாலம் போதாது, இரவு முழுக்க வையுங்கள். தொடக்கத்தில் விரைவாக ஒட்டும், பிறகு வருகிற சங்கிலிகள் முன்னமே நிற்பவற்றுக்கிடையில் நுழைய வேண்டியிருப்பதால் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். கடைசி நெருக்கம் இந்த மெதுவான கட்டத்தில்தான் வருகிறது.

முதல் சுற்றில் துணிக்கைகள் நிலைத்த பிறகு உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கொஞ்சம் சூட்டிலும் வைத்தால் பெக் சங்கிலிகள் சற்றுச் சுருங்கும். சுருங்கிய சங்கிலிக்கு இடம் குறைவாகப் போதும், எனவே இன்னும் சில உள்ளே வரும். பிறகு மீதி வெளிகளை அடைக்க 1000 அல்லது 2000 அளவுள்ள குறுகிய தயோல் பெக்கை விட்டு இன்னொரு சுற்று வையுங்கள். நீளமானது மேலே காவல், குறுகியது அடியில் அடைப்பு. இந்த இரண்டாம் சுற்றுத்தான் உங்கள் வேலைக்கு அதிகம் உதவும் என்று நான் நினைக்கிறேன். காரணம் கீழே வருகிறது. தயோல் பெக்கைக் குளிரூட்டியில் ஈரம் படாமல் வையுங்கள், போத்தல் அறைவெப்பத்துக்கு வந்த பிறகே திறவுங்கள். எங்கள் வெக்கையில் குளிர்ந்த போத்தலைத் திறந்த உடனே உள்ளே நீர் படிந்துவிடும், தயோல்கள் மெல்ல ஒட்சியேறிச் சோடி சேர்ந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பத்து வீத உப்புக் கரைசலில் சிவப்பு மாறாமல் நிற்கிறது, எனவே பூச்சு பூரணம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். துணிக்கைகள் கூடாமல் தடுக்கக் குறைந்த அடர்த்தியே போதும். புரதத்தைத் தடுக்க அதைவிடக் கூட வேண்டும். உப்புச் சோதனையில் சித்தியடைந்த துணிக்கை புரதச் சோதனையில் தோற்பது வழமையான காரியம். உங்களுக்கு நடந்திருப்பதும் இதுவாக இருக்கலாம்.

மற்றப் பொலிமர்களைக் கேட்டீர்கள். பீ.வி.பீ.யில் தயோல் பிடி இல்லை, அது தங்கத்தில் சாய்ந்து படிந்து நிற்கிறது. அல்புமினும் தயோல் உள்ள சிறு மூலக்கூறுகளும் வந்தால் அதைக் கிளப்பிவிடும். துணிக்கை செய்யும்போது நிலைப்படுத்த நல்லது, குருதிக்குள் இறக்க நம்பகமில்லை.

கைற்றோசான் எங்கள் பக்க மாணவர்களுக்கு எப்போதும் கவர்ச்சியாக இருக்கும். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இறால் கோது கிடைக்கிறது, அதிலிருந்து எடுக்கலாம், செலவு குறைவு. ஆர்வத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது அமிலக் கரைசலில் நேரேற்றமுள்ளது, அல்புமின் பி.எச். 7.4இல் மறையேற்றமுள்ளது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். போதாததற்குக் கைற்றோசானின் அமைன் கூட்டங்கள் பி.எச். 6.5 அளவிலேயே ஏற்றத்தை இழக்கத் தொடங்கிவிடும், குருதியின் பி.எச்.இல் அது கரைந்திருக்கவே விரும்பாது. புரதத்தைத் தவிர்ப்பதற்கு இது வழியல்ல, புரதத்தைப் பிடிப்பதற்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

ஏற்றமுள்ள பொலிமர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம். நேரேற்றப் பூச்சோ மறையேற்றப் பூச்சோ, குருதிப் பாயத்தில் போட்டதும் இரண்டுமே மெல்லிய மறையேற்றத்தில் வந்து நிற்கின்றன. வெளியில் இருப்பது இப்போது பொலிமர் அல்ல, பெரும்பாலும் அல்புமின் முதலான மறையேற்றப் புரதங்கள். கதரின் மர்பியின் குழு தங்கக் கோல்களில் வெவ்வேறு ஏற்றப் பொலிமர்களைப் பூசி இதைக் காட்டியது. மறையேற்றப் பொலிமர் அல்புமினைத் தள்ளிவிடும் என்ற எளிய கணக்கு நடைமுறையில் பொய்க்கிறது. ஒரு புரதத்தின் மொத்த ஏற்றம் மறையாக இருந்தாலும் அதன் மேற்பரப்பில் நேரேற்றத் திட்டுகள் இருக்கும், அந்தப் பக்கத்தால் வந்து ஒட்டும்.

பெக்குக்கு உண்மையான போட்டி இருமுனை ஏற்றப் பொலிமர்கள். ஒவ்வோர் அலகிலும் ஒரு நேரேற்றமும் ஒரு மறையேற்றமும் அருகருகே இருக்கும், மொத்தம் பூச்சியம். காபொக்சிபீற்றைன், சல்போபீற்றைன் வகைகள் இதில் சேரும். நீரை ஏற்றத்தால் பிடிப்பதால் பெக்கை விட இறுக்கமாகப் பிடிக்கின்றன. இவற்றின் பெறுபேறு மிக நன்று, ஆனால் தங்கத்தின் மேலேயே வளர்த்தெடுக்கும் பலபகுதியாக்கல் வசதி வேண்டும். இறுதியாண்டுத் திட்டத்துக்குள் அதை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

சூட்டுக்கு மாறும் பொலிமர் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் ஊரில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பொலி என்-ஐசோபுரோப்பைல் அக்கிறிலமைட்டு 32 பாகை செல்சியசுக்குக் கீழே நீரை ஏந்தி விரிந்து நிற்கும், மேலே போனால் நீரைக் கக்கிச் சுருங்கும். சுருங்கிய நிலையில் புரதம் அதில் நன்றாக ஒட்டும். குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் "அறைவெப்பத்தில் புரதம் ஒட்டவில்லை" என்று எழுதினால் அது சரி. குளிரூட்டி இல்லாத அறையில், மதியம் வெப்பமானி 33, 34 காட்டும் கிளிநொச்சியில் அதே அறைவெப்பம் எதிர்விடையைத் தரும். காலையில் ஒரு முடிவு, மின்சாரம் நின்ற மத்தியானத்தில் இன்னொரு முடிவு என்று வரும். எந்தப் பொலிமரைப் பயன்படுத்தினாலும் அளந்தபோது இருந்த வெப்பநிலையைக் குறித்து வையுங்கள்.

பெக்குக்கும் குறைகள் உண்டு. தயோல் பிடி நிரந்தரமல்ல. கலங்களுக்குள் மில்லிமூலர் கணக்கில் இருக்கும் குளுட்டாதயோனும் குருதியில் உள்ள சிஸ்டெயினும் மெல்ல மெல்லப் பெக்கைக் கழற்றிவிடும். பெக்குக்கும் தங்கத்துக்கும் இடையில் நீரை வெறுக்கும் ஒரு குறுகிய அற்கைல் சங்கிலியை வைத்தால் இந்தக் கழறல் குறைகிறது. சிலருடைய குருதியில் பெக்குக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் இருக்கின்றன. மருந்துகளிலும் அழகுப் பொருட்களிலும் பெக் எங்கும் இருக்கிறது, கொவிட் காலத்தில் நம்மில் பலர் போட்ட ஃபைசர் தடுப்பூசியின் கொழுப்புத் துணிக்கையிலும் இருக்கிறது. பட்டி நேரே குருதியில் வேலை செய்ய வேண்டுமென்றால் இதை ஒரு மூலையில் நினைவில் வைத்திருங்கள்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. 2016இல் மைன்ஸில் ஒரு குழு பெக் பூசிய பொலிஸ்ரைரீன் துணிக்கைகளைப் புரதமே இல்லாத ஊடகத்தில் விழுங்கு கலங்களுக்குக் கொடுத்தது. பெக் இருந்தும் கலங்கள் அவற்றை எடுத்துக்கொண்டன. குருதித் திரவவிழையத்தில் தோய்த்துக் கொடுத்தபோதுதான் எடுப்பது குறைந்தது. பெக்கின் மேல் விருப்பத்தோடு ஒட்டியிருந்த கிளஸ்ரரின் என்ற புரதமே மறைப்பைத் தந்தது. பெக் புரதத்தைத் தள்ளுவதால் மட்டும் துணிக்கை மறைந்து திரிவதில்லை, சரியான புரதத்தைத் தேர்ந்து ஏற்பதாலும் மறைகிறது. அது தங்கத்தில் செய்த ஆய்வில்லைத்தான், ஆனால் பூச்சைப் பற்றிய நம் யோசனையையே அது மாற்றிவிட்டது.

இனி உங்கள் பட்டி. உங்களுக்குப் புரதம் ஒட்ட வேண்டுமா, ஒட்டக் கூடாதா? இரண்டும் வேண்டும். விஷத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒட்ட வேண்டும், நோயாளியின் குருதியிலுள்ள மற்றதெல்லாம் ஒட்டக் கூடாது.

டெங்குக்கு ஆஸ்பத்திரியில் வைக்கும் என்.எஸ்.1 பட்டியை எடுத்துப் பாருங்கள். பரிசோதனைக் கோட்டில் எழும்பும் அந்தச் சிவப்பு, பெரும்பாலான தயாரிப்புகளில், தங்கத் துணிக்கைகளின் சொந்த நிறம். அதில் பொதுவாகச் சுமார் 40 நனோமீற்றர் தங்கத்தில் பெக் தூரிகை எதுவும் இல்லாமல் பிறபொருளெதிரியை நேரே ஒட்டவைக்கிறார்கள். கரைசலின் பி.எச்.ஐப் பிறபொருளெதிரியின் சமமின்புள்ளிக்கு (அதன் மொத்த ஏற்றம் பூச்சியமாகும் பி.எச்.) சற்று மேலே வைப்பார்கள். அந்த இடத்தில் அது நன்றாக ஒட்டும், துணிக்கைகளும் கூடாது. எவ்வளவு பிறபொருளெதிரி போதும் என்பதை உப்பு விட்டுப் பார்த்துத் தீர்மானிப்பார்கள், சிவப்பு மாறாமல் நிற்கும் மிகக் குறைந்த அளவே கணக்கு, அதற்கு மேல் கொஞ்சம் கூட விடுவார்கள். பிறகு மிச்ச வெளிகளை அல்புமினாலோ 20,000 அளவுள்ள பெக்காலோ அடைப்பார்கள். அங்கே பொலிமர் வருவது கடைசியில், அடைப்புக்காக. பட்டிக்கு முதலில் இந்தப் பழைய வழியையே முயன்று பாருங்கள். அது சில நிமிடங்களில் முடிகிற சோதனை, உடலுக்குள் நாட்கணக்கில் நிலைக்கத் தேவையில்லை.

பெக் வழியிலேயே போக விரும்பினால், பெரும்பங்கு சாதாரணப் பெக்கும், சிறுபங்கு அதைவிடக் கொஞ்சம் நீளமான, நுனியில் காபொட்சிலிக் கூட்டம் உள்ள பெக்கும் கலந்து பூசுங்கள். பிறபொருளெதிரியை அந்த நீள நுனிகளில் இணையுங்கள். நுனி வெளியே தெரிய வேண்டும் என்பது வீண் கவலை இல்லை. 2013இல் டப்ளின் குழு திரான்ஸ்பெரின் என்ற குருதிப் புரதத்தைப் பிணைத்த சிலிக்காத் துணிக்கைகளைக் குருதிப் பாயத்தில் வைத்தபோது, மகுடம் திரான்ஸ்பெரினை மூடி, அது தேடிப்போக வேண்டிய ஏற்பியைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிட்டது.

அல்புமினால் மட்டும் சோதிப்பதும் போதாது. நாகத்தின் விஷத்தில் முக்கியமான மூவிரல் நச்சுகள் 6 முதல் 9 கிலோடால்டன் வரையானவை (ஒரு கிலோடால்டன் என்பது 1000 மூலக்கூற்றுத் திணிவு), அவற்றில் பல நேரேற்றமுள்ளவை. புடையனின் விஷத்திலும் பொஸ்போலிப்பேசு ஏ2 இருக்கிறது, அது 13, 14 கிலோடால்டன். அல்புமின் 66. உங்கள் பெக் பூச்சு அல்புமினைத் தடுத்தாலும் இந்தச் சின்னப் புரதங்கள் அதன் இடுக்குகளால் இறங்கி வெறும் தங்கத்தில் ஒட்டக்கூடும். அப்படியானால் பிறபொருளெதிரி பிடிக்க வேண்டிய விஷத்தை மேற்பரப்பே விழுங்கிவிடும், மெல்லிய கோடு இன்னும் மெலியும். குறுகிய பெக்கால் அடியை அடைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதைச் சோதிக்க விஷத்தைத் தொடவே வேண்டாம். முட்டை வெள்ளையிலிருந்து எடுக்கும் லைசோசைம் 14.3 கிலோடால்டன், சமமின்புள்ளி 11 அளவு, நடுநிலைக் கரைசலில் நன்றாக நேரேற்றமுள்ளது. விஷத்தின் சிறு புரதங்களுக்கு அது பாதுகாப்பான பதிலாள். வெறும் சித்திரேற்றுத் தங்கத்தில் லைசோசைம் விட்டால் நிறம் நீலத்துக்குப் போகும், அதை வெறுங்கண்ணாலேயே காணலாம். நெருக்கமாகப் பெக் பூசிய தங்கம் சிவப்பாகவே நிற்கும். ஐதான பூச்சு இரண்டுக்கும் இடையில் எங்கேயாவது நிற்கும். உபகரணம் குறைந்த இடத்தில் இதைவிட நல்ல முதல் பரிசோதனை எனக்குத் தெரியாது.

ஒட்டிய அளவை எண்ணாகக் கேட்பார்கள். தெரிந்த அளவு புரதம் விட்டு, மையநீக்கியில் துணிக்கையை முழுதாக இறக்கி, மேலே மிஞ்சிய புரதத்தைப் பிராட்போர்ட் சாயத்தால் அளந்து கழிக்கலாம். 20 நனோமீற்றர் தங்கம் இலகுவில் இறங்காது, நல்ல வேகத்தில் அரை மணித்தியாலம் சுற்றுங்கள். மேலே சிவப்புச் சாயல் மிஞ்சியிருந்தால் அந்த அளவீட்டை நம்ப வேண்டாம், சாயத்தை வாசிக்கும் 595 நனோமீற்றரில் தங்கமும் உறிஞ்சும். தங்கம் இல்லாமல் புரதம் மட்டும் போட்ட ஒரு குழாயையும் கூடவே சுற்றுங்கள், பிளாஸ்ரிக் சுவரிலும் புரதம் ஒட்டும். ஒளிச்சிதறலால் பருமன் பார்க்க வசதி கிடைத்தால் பாருங்கள், ஆனால் ஒரு சில கூடிய துணிக்கைகளே அந்த எண்ணைத் தூக்கிவிடும். ட்ரிப்டோபனின் புளோரொளிர்வு மங்குவதை வைத்து அளக்கும் முறையைத் தனியே நம்பாதீர்கள். தங்கமே அந்த ஒளியை உறிஞ்சுவதால், திருத்தம் செய்யாவிட்டால் ஒட்டாத புரதத்தையும் ஒட்டியதாகக் கணக்கெடுப்பீர்கள்.

ஒரே தொகுதித் தங்கத்தை நாலாகப் பிரித்து, பெக் அளவை மட்டும் மாற்றிப் பூசுங்கள். ஒன்றில் பெக் இல்லை, ஒன்றில் மில்லிலீற்றருக்கு 7 மைக்கிரோகிராம், ஒன்றில் 70, கடைசியில் 70ம் அதற்கு மேல் குறுகிய பெக்கும். பெக் இல்லாததற்கு உப்புக் குறைந்த தாங்கற்கரைசல் வேண்டும் என்பதால் நாலுக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றிலும் அல்புமினும் லைசோசைமும் தனித்தனியே. நாலு நிறமாலையையும் 400 முதல் 800 வரை முழுதாக எடுத்து அனுப்புங்கள், உச்சத்தின் எண் மட்டும் போதாது. அதைப் பார்த்துவிட்டுப் பிறபொருளெதிரியை எந்த வழியால் இணைப்பது என்று அடுத்து எழுதுகிறேன்.